என்னை றக்பிக்குப் பெண் பார்த்த கதை

எங்கள் சனத்துக்கு ஒரு பெண் பிள்ளையைப் பற்றிக் கதைக்க இரண்டு சொற்கள் போதும்: வடிவு, வடிவில்லை. நான் இரண்டாவது வகை. பதினான்கு வயதிலேயே என் தோள் அப்பாவின் தோளைவிட அகலம். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்து, கோயிலின் கீழ்மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, பெண்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு அம்மாவிடம், "இந்தச் சைசுக்கு மாப்பிள்ளையை எங்க தேடப் போறீர்?" என்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

எனக்கு அப்போது மாப்பிள்ளை தேவைப்படவில்லை. இரசாயனவியல் தேவைப்பட்டது. எங்கள் தெரு முனையில் இருந்த மருந்துக் கடைக்கு அம்மாவோடு மொழிபெயர்க்கப் போவது நான்தான். அங்கே வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், உயரமான மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்த மருந்தோடு அதைக் கொடுக்கக் கூடாது" என்று ஒரு டொக்டருக்கே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டேன். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நான் நிற்க வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இரசாயனவியல் எடுத்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் காது புளிக்கப் புளிக்க இதைச் சொல்லி வைத்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் அம்மா வேலை செய்த ஜான்-டலோன் சந்தைக் கடையில் நானும் கைக்கு உதவியாக நிற்பேன். மே மாதம் பிறந்தால் மொன்றியல்காரருக்குப் பூக்கன்றுப் பைத்தியம் பிடித்துவிடும். கன்றுகளோடு மண்ணையும் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். பிறந்த மண்ணை விட்டுவிட்டு வந்த நாங்கள், பிளாஸ்ரிக் பையில் அடைத்த மண்ணை அவர்களுக்குச் சுமந்து கொடுப்போம். அப்படி ஒருநாள், குளிர் விடாத காலையில் அரைக் காற்சட்டையோடு வந்த உயரமான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இரண்டு மூட்டை வாங்கினார். இரண்டையும் ஒரே தரத்தில் தோளில் போட்டுக்கொண்டு அவருடைய காருக்கு நடந்தேன். அவர் பின்னால் வந்தார். என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. காரடியில் வயதைக் கேட்டார், பள்ளிக்கூடத்தைக் கேட்டார், கழுத்தில் எப்போதாவது நோவு வந்ததுண்டா என்று கேட்டார். கத்தரிக்காய் வாங்குபவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

மலைச் சரிவில் இருந்த பெண்களுக்கான தனியார் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றின் றக்பி கோச் அவர். முட்டை வடிவப் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், எதிரில் வருபவரை விழுத்த வேண்டும். நடுநடுவே இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேராகக் குனிந்து, தலையோடு தலை கோத்து, ஆளையாள் தள்ள வேண்டும். முன் வரிசையில் நின்று தள்ளுவதற்கு அவருக்குக் கனமான ஒரு பிள்ளை தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லையாம்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பாவின் காதில் விழுந்தது 'ஆங்கிலம்' என்ற ஒரு சொல் மட்டும்தான். எங்களைப் போல வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். அரசாங்கக் காசு வாங்காத தனியார் பள்ளிக்கூடங்களை மட்டும் அது தொடாது. ரொறன்ரோவில் இருந்த தன் உறவினர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவதைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வெந்துபோயிருந்த மனிதர் அவர். கோச் வீட்டுக்கு வந்து கதைக்க விரும்புகிறார் என்றதும் உடனே தன் அக்காவை, அதாவது மாமியை, கூப்பிட்டார்.

மாமிக்கு எங்கள் கோயிலில் கலியாணம் பேசுவதுதான் முழுநேரத் தொழில். யாரோ ஒருவர் ஒரு பெண் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். அதையே செய்தார். உடம்பை ஒடுக்கிக் காட்டும் என்று கறுப்புச் சுடிதாரை எனக்குப் போட்டார். ரோல்ஸ், பற்றிஸ், பயற்றம் பணியாரம் எல்லாம் அடுக்கினார். வருகிறவரின் கண் அவளில் விழுந்துவிடக் கூடாது என்று, கொடி மாதிரி மெலிந்த என் தங்கையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். றக்பி கோச்சுக்கு அவளை வைத்து என்ன செய்வது? கொடியில் துணிதான் காயப் போடலாம்.

நான் அம்மாவைக் குசினிக்குள் இழுத்து, "கெமிஸ்றி படிக்க விடுவினமோ எண்டு கேளுங்கோ அம்மா," என்றேன்.

"முதல்ல அவை ஓம் எண்டு சொல்லட்டும். பொம்பிளை வீட்டுக்காரர் கேள்வி கேக்கிறேல்ல," என்றார் அம்மா.

கோச் வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். நான் தட்டத்தோடு வெளியே வந்தேன். அவர் ஆங்கிலம் தடவிய பிரெஞ்சில் கேட்க, நான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தேன். என்னைப் பற்றிய பேரத்துக்கு நானே தரகர். நன்றாகச் சாப்பிடுவாளா என்று கேட்டார். "குருவி மாதிரித்தான் கொறிப்பா," என்றார் அம்மா. கோச்சின் முகம் கொஞ்சம் வாடியது. தைரியமான பிள்ளையா என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சண்டை சச்சரவுக்கே போகாத பிள்ளை. ஆரும் இடிச்சாலும் விலகிப் போயிடுவா," என்றார். கோச்சின் முகம் இன்னும் வாடியது. எடையைக் கேட்டார். கிலோ என்ற சொல் அம்மாவுக்கு நன்றாக விளங்கியது. முந்திக்கொண்டு, "அம்பத்தெட்டு எண்டு சொல்லு," என்றார்.

"அம்மா ஐம்பத்தெட்டு என்கிறார். எண்பத்து நான்கு," என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

கோச் துள்ளி எழுந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். பின் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். ஐம்பத்தெட்டுத்தான் அவரை மயக்கிவிட்டது என்று அம்மா மாமியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. என் உடம்பைப் பார்த்து ஒரு மனிதப் பிறவி முகம் மலர்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தத் துணிவில், "இரசாயனவியல்..." என்று நான் வாயெடுக்க, மாமி என் காலை மிதித்து, "ரோல்ஸை எடுத்துக் குடு பிள்ளை," என்றார். கோச் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். செப்டெம்பரில் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம். புல் நல்ல பச்சை. மற்றபடி, அங்கே விளையாட்டுக்கு உதவிப் பணம் கொடுக்கும் வழக்கமே இல்லை என்று அதிபர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். தேவையுள்ள குடும்பங்களுக்குத்தான் உதவியாம். அதிசயம் என்னவென்றால், அவர்கள் கண்டுபிடித்த தேவையுள்ள குடும்பங்களில் எல்லாம் கனமான பிள்ளைகளோ, வேகமாக ஓடும் பிள்ளைகளோதான் பிறந்திருந்தார்கள். நகரின் வடக்குப் பக்கம், மொன்றியல்-நோரிலிருந்து வந்த ஹெயிட்டிப் பிள்ளை ஒருத்தி மான் மாதிரி ஓடுவாள். அவளும் தேவையுள்ள குடும்பம். சோகை பிடித்த ஏழைப் பிள்ளை ஒன்றைத் தேடிக் கொண்டுவர அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

ஆட்டங்களின்போது தகப்பன்மார் கோப்பிக் கோப்பையோடு மைதான எல்லைக்கு வெளியே நிற்பார்கள். நல்ல கம்பளிக் கோட்டு, நல்ல சப்பாத்து. "தள்ளு, பெரியவளே, தள்ளு!" என்று எனக்குக் கத்துவார்கள். தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமும் அவர்களுக்கு நான் பெரியவள்தான். நாங்கள் வென்றால், ஏதோ தாங்களே சேற்றில் புரண்டு எழும்பியதுபோல ஆளையாள் கை குலுக்கிக்கொள்வார்கள். என் இடது கைச் சின்னவிரல் ஒரு ஆட்டத்தில் முறிந்தது. இன்றைக்கும் அது முழுதாக மடங்காது.

முதல் வருடம் இரசாயனவியலைப் பற்றிக் கேட்டேன். அது கடைசி வருடத்துப் பாடம், பொறு என்றார்கள். நியாயம்தான். கடைசி வருடம் வந்தது. இரசாயனவியல் கடைசிப் பாடவேளையில் இருந்தது. அந்த நேரத்தில் எங்கள் அணி மைதானத்தில் இருக்க வேண்டும். கோச்சிடம் போனேன். "ஐயோ, எவ்வளவு துரதிர்ஷ்டம்!" என்று என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் எதற்கெடுத்தாலும் கட்டிப் பிடிப்பார். அதற்குப் பதிலாக எனக்கு ஊடகக் கல்வி என்று ஒரு பாடம் தந்தார்கள். பழைய சஞ்சிகைகளில் விளம்பரங்களை வெட்டி மட்டையில் ஒட்டுவது. எங்கள் தெருவில் இருந்த கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். அப்பாவிடம் சொல்லி அழுதேன். "இங்கிலீசிலதானே வெட்டி ஒட்டுறாய்?" என்றார் அவர்.

இதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் புதிய விளம்பரப் புத்தகம் அச்சடிக்க வேண்டியிருந்தது. அதற்கு வெள்ளையல்லாத முகம் ஒன்று தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளை அங்கி போட்டுவிட்டார்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினார்கள், கையில் ஒரு சோதனைக் குழாயைத் தந்து ஆய்வுகூடத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். குழாயில் கேக்குக்குப் போடும் நீலச் சாயம் கலந்த தண்ணீர். நான் அந்த ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்தது அந்த ஒரு தடவைதான். படத்தில் வடிவாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மாமி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டு வரவேற்பறையில் கொழுவினார்.

நான் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியேறப் போகிற வருடம் என்பதால் கோச்சுக்குப் புதிய தோள் தேவைப்பட்டது. அந்த வசந்தத்தில், நகரின் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டார். தாய்க்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. "நீ வந்து கதைத்தால் அவர்களுக்கு நம்பிக்கை வரும்," என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கூத்தை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நான் போனேன்.

கதவு திறந்ததும் ரோல்ஸ் மணந்தது. ஒரு அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் யாரோ சிறுபிள்ளை களுக்கென்று சிரித்தது. மெலிந்ததை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியது. பிள்ளை கறுப்புச் சுடிதாரில் வந்து நின்றாள். என்னைப் போலவே அகலம், என்னைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். தாய் தேத்தண்ணித் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அம்பத்தைஞ்சு கிலோதான் பிள்ளை," என்றார், நான் கேட்க முதலே.

கோச் விளம்பரப் புத்தகத்தை விரித்து என் படத்தைக் காட்டினார். தாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிள்ளை, நீர் கெமிஸ்றியோ படிக்கிறீர்?"

"இல்லை அன்ரி. அது கலர்த் தண்ணி."

தாய்க்கு விளங்கவில்லை. "அப்ப உமக்கு அங்க என்ன படிப்பிச்சவை?"

"தள்ள," என்றேன்.

கோச் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு தேத்தண்ணிக்குக் கையை நீட்டினார். நான் அந்தப் பிள்ளையிடம் என்ன படிக்க விருப்பம் என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கணக்கு" என்றாள். பெரிய கணக்கு, கடைசி வருடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எடுக்கிற கணக்கு. தாய் குரலைத் தாழ்த்தி, "நாங்கள் கேட்டால் தருவினமோ?" என்றார்.

"தேத்தண்ணி குடுக்க முதல் கேளுங்கோ அன்ரி."

அந்த மனுசி தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோச்சின் கை அந்தரத்தில் நின்றது. நான் மொழிபெயர்த்தேன்: கணக்குப் பாடம் எந்த நேரத்தில் இருந்தாலும் அந்த நேரத்தில் இவளுக்குப் பயிற்சி இருக்கக் கூடாது, சம்மதமென்றால் பிள்ளை வருவாள். பிறகு என் பங்குக்கு, இவளுக்கு எண்பத்தாறு கிலோ இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அதற்கென்ன! பயிற்சியைக் காலையில் வைத்தால் போச்சு," என்றார் கோச். யோசிக்கக்கூட இல்லை. கண் தட்டத்திலேயே இருந்தது.

அவ்வளவுதானா? இரண்டு வருடம் நான் விரல் முறியத் தள்ளியும் திறக்காத கதவு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் பின்னால் இழுத்ததும் திறந்துவிட்டது. பிறகு நான் வளர்ந்தோர் பள்ளிக்கூடத்தில், பகல் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து தூங்கி விழும் மனிதர்களுக்கு நடுவில் இருந்துதான் இரசாயனவியல் படித்தேன். கார்ட்டியர்வில் பிள்ளை தன் கணக்கைப் பகலிலேயே, அதற்குரிய வகுப்பிலேயே படித்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்குக் கோச் சம்மதித்த பிறகுதான் தாய் தட்டத்தை முன்னால் தள்ளினார். கோச்சுக்கு ஒரேயொரு ரோல்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில், கோச் என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றைத் தின்னக் கொடுத்து, மிச்சத்தையும் ஈயத் தாளில் சுற்றி, அம்மா காரடிவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.