பெஞ்சுக்கு வராதவர்கள்

பென்சில் தொழிற்சாலையில் பென்சிலை உடைப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக உடைக்கிறாள். "அங்க சம்பளத்துக்கு உடைக்கிற, இங்க ஓசியிலயே உடைக்கிற" என்பார் வீட்டுக்காரர், தட்டு விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம்.

வந்து குவியும் பெட்டிகளிலிருந்து முப்பது பென்சில்களை எடுத்து, முனை எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கைக்கு எட்டிய மேல் பெட்டிகளிலேயே எடுத்தார். அடியில் நசுங்கிக் கிடந்தவை நேராகக் கடைக்குப் போய், முனை முறிந்து திரும்பி வந்தன. அவள் ஒரு தகர டப்பாவில், எண் எழுதிய சட்டைப் பொத்தான்களைப் போட்டுக் குலுக்கினாள். எந்த எண் வருகிறதோ அந்தப் பெட்டி. அது அடியில் இருந்தால் மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். இறக்கியவர்கள் அவளுக்கு டப்பாக்கா என்று பெயர் வைத்தார்கள். பாசத்தில் வைத்த பெயர் அல்ல.

அவள் குடியிருந்த கட்டடத்தில் பத்துத் தளம், தளத்துக்குப் பன்னிரண்டு வீடு. லிஃப்ட் இரண்டு நாள் ஓடினால் நாலு நாள் படுத்துக்கொள்ளும். எட்டாவது மாடியில் அவளுடைய நாத்தனார். முழங்கால் தேய்ந்தவர். மூன்று மாதமாக அவர் காலில் மண் படவில்லை.

புது லிஃப்ட் வேண்டுமா என்று சங்கச் செயலாளர் கருத்துக் கேட்டார். அவர் வீடு தரைத்தளம். தினமும் சாயங்காலம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் கேட்டார். வேண்டாம் முப்பத்துநாலு, வேண்டும் ஆறு.

"நாப்பது பேரைக் கேட்டிருக்கேம்மா. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இது நாப்பது சோறு!"

"பானையைக் கிண்டாம மேல இருக்கிறதையே எடுத்தா, நானூறு எடுத்தாலும் அடி தீஞ்சது தெரியாது சார். பெஞ்சுக்கு வர்றவங்க இறங்க முடிஞ்சவங்க. இறங்க முடியாதவங்களை யார் கேட்டா?"

செயலாளர் நல்ல மனிதர். ரோசக்காரர். "சரி, உன் டப்பாவைக் கொண்டா" என்றார்.

நூற்றிருபது வீட்டுக்கும் பொத்தான் வேண்டும். வீட்டில் கிடைத்ததையெல்லாம் பறித்து எண் எழுதினாள். நூற்றொன்று, நாத்தனார் வீடு. அந்த எண் விழுந்தது வீட்டுக்காரருடைய பழைய கோட்டுப் பொத்தானில். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த பொத்தான். பெஞ்சடியில் எல்லாரும் பார்க்க டப்பாவுக்குள் கையை விட்டாள். விட்டவுடன் விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

கையை வெளியே எடுத்தாள். சில்லுப் பொத்தானைத் தூக்கிப் போட்டு, மற்றவற்றைப் போல வழவழப்பான ஒன்றில் நூற்றொன்றை எழுதினாள். "என் கை வேண்டாம். நீங்களே எடுங்க சார்."

அவர் முப்பது எடுத்தார். நூறு வந்தது. நூற்றிரண்டு வந்தது. நூற்றொன்று வரவில்லை.

சேதி எட்டாவது மாடிக்கு அவளுக்கு முன்பே ஏறிவிட்டது. "ஊரையெல்லாம் கேப்ப, என்னைக் கேக்க மாட்ட, அப்படித்தானே? ஒரு பொத்தானை எடுக்கத் துப்பில்லை!"

"எடுத்திருந்தா அவரு பெஞ்சுக்கும் என் டப்பாவுக்கும் என்ன வித்தியாசம் அண்ணி?"

"நாளைக்கு என் பொணத்தை மாடிப்படியில உருட்டிவிடு, அப்பத் தெரியும் வித்தியாசம்." சொல்லிவிட்டுக் காப்பியும் கொடுத்தார்.

முப்பது வீட்டுக்கும் செயலாளரும் கூடவே வந்தார். லிஃப்ட் அன்றைக்கும் படுத்திருந்தது. ஏழாவது மாடிப் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாவதில் ஒரு வீடு பூட்டியிருந்தது.

"பக்கத்து வீட்டைக் கேட்டுடலாமே?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"எப்பவும் தெறந்திருக்கிற வீடா பாத்துக் கேட்டா, அதுவும் பெஞ்சுதான் சார். திரும்ப வருவோம்."

நாலு முறை திரும்ப வந்தார்கள். ஐந்தாவது முறை கதவு திறந்தது. இரவுப்பணி நர்ஸ். "புது லிஃப்டா? இன்னைக்கேவா?" என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

வேண்டும் இருபத்திரண்டு, வேண்டாம் எட்டு. "எல்லா வீட்டையும் கேட்டா கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். தலைகீழா மாறாது" என்றாள் டப்பாக்கா. முட்டியைத் தேய்த்துக்கொண்டே செயலாளர் புது லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

புது லிஃப்ட் வந்த அன்று, முதலில் யார் ஏறுவது என்று கீழே வாக்குவாதம். "எதுக்குச் சண்டை? டப்பாவைத் தூக்கிட்டு மேல வா" என்று எட்டாவது மாடியிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தார். அவரே குலுக்கி எடுத்தார். நாலாம் எண். தரைத்தளம். செயலாளர் வீடு.

"எனக்கு எந்த மாடிக்குப் போகணும்னே தெரியலையேம்மா" என்றார் அவர் கீழிருந்து.

"எட்டுக்கு வாங்க!"

கதவு திறந்தபோது செயலாளர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். "அப்படியே நில்லுங்க, இறங்காதீங்க" என்று நாத்தனார் உள்ளே ஏறிக்கொண்டார். டப்பாக்காவும் ஏறினாள்.

கீழே வந்ததும் நாத்தனார் நேராக நடந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் மண்ணில் அழுத்தி வைத்தார்.

"இப்பக் கேளுங்க சார். லிஃப்ட் வேணுமா வேண்டாமான்னு."