நகத்துக்கு அடியில் இருந்த வலி

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுவது என் வேலை. இடது மோதிர விரலில், நகத்துக்கு அடியில் எனக்கு ஒரு வலி இருந்தது. பெட்டியின் ஓரம் லேசாகப் பட்டால் போதும், தோள்பட்டை வரைக்கும் சுரீரென்று இழுக்கும். மார்கழித் தண்ணீரில் பாத்திரம் கழுவ முடியாது. விரலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

வீக்கமில்லை, சீழில்லை. பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் பெரிய சங்கடம். நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழம் சொருகச் சொன்னார்கள். ஒரு டாக்டர் கழுத்து நரம்பு என்று மாத்திரை கொடுத்தார். கூட வேலை பார்க்கும் அக்கா, "சீசன் நேரத்துல இதையெல்லாம் பாத்தா முடியுமாத்தா?" என்றாள். நாளாக ஆக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் மட்டும் நம்பினார். ஒரு லீவு நாளில் விருதுநகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். கைக்கு ஆபரேஷன் செய்யும் பெண் டாக்டர் அவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நகத்தை வெளிச்சத்தில் திருப்பி, "லேசா நீலம் பாஞ்சிருக்கு, பாத்தீகளா?" என்று வீட்டுக்காரரிடம் காட்டினார். பிறகு குண்டூசியின் தலையால் நகத்தை அங்கங்கே அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை. அடுத்த இடத்தில் அலறியே விட்டேன்.

"பொறுத்துக்கங்கம்மா, இன்னும் ஒரே தடவ."

கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்கினார். கை வெளுத்துப்போனது. அதே இடத்தில் அழுத்தினார்.

"வலிக்கலையே டாக்டர்!"

காற்றை இறக்கி அழுத்தியதும் பழையபடி வலித்தது.

"ரத்தம் நின்னா வலி நிக்கிது, வந்தா வருது. ரத்தக்குழாயில வந்த சின்னக் கட்டிம்மா இது."

வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. "கேன்சருங்களா?"

"இல்லைங்க. கெட்டது கெடையாது. எடுத்துட்டா சரியாப் போயிரும்."

நான் அழுதுவிட்டேன். பயத்தினால் இல்லை; அந்த வலி நிஜந்தான் என்று ஒருவர் சொல்லிவிட்டாரே, அதனால்.

ஸ்கேனிலும் அது தெரிந்தது. விரலை மட்டும் மரத்துப்போக வைத்து, நகத்தைத் தூக்கிக் கட்டியை எடுத்தார்கள். "பாக்குறீகளா?" என்று டாக்டர் காட்டினார். கம்பு மணியளவுதான், சிவப்பாக இருந்தது.

"இம்புட்டுக்காணு கழுதையா என்னய இந்த ஆட்டு ஆட்டுச்சு?" என்றேன். நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் வீட்டுக்காரர்தான் சமைத்தார். ரசம் என்று புளித்தண்ணீரை ஊற்றினார். குறை சொல்லாமல் சாப்பிட்டேன். புது நகம் மெதுவாக, நடுவில் ஒரு மெல்லிய கோட்டோடு வளர்ந்தது. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டேன். வைத்துவிட்டது அவர்தான், கோணல்மாணலாக.