கோல்கீப்பரின் பை

பகலெல்லாம் சலவைக்கூடத்தில் நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற மனிதர், மாலையில் மைதானத்தின் பின்வாசலுக்கு வந்து சேரும்போது கால்கள் இரண்டும் கெஞ்சும். "கொஞ்ச நேரம் உட்கார்ந்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி கேட்காத நாளில்லை. உட்கார்ந்தால் ஹாக்கி வீரர்கள் கையெழுத்துப் போடாமலே நழுவிவிடுவார்களே! அடுத்தவர் வாங்கித் தரும் கையெழுத்தை இவர் தொடவும் மாட்டார்.

ஆடிவிட்டு வருகிறவர்களின் கை வியர்வையில் நனைந்திருக்கும், மை இழுகிவிடும். நல்ல கையெழுத்துகள் சில அப்படிப் பாழான பிறகு, துவைத்து மடித்த துண்டு ஒன்றோடு வரத் தொடங்கினார். முதலில் துண்டை நீட்டுவார், பிறகுதான் பேனா.

அன்று கோல்கீப்பர் கடைசியாக வந்தார். கால் கவசங்களைக் கழற்றவே அவருக்கு நேரமாகும். தோற்ற களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. துண்டை வாங்கிக் கையைத் துடைத்தவர், இவர் பேனாவை எடுப்பதற்குள் தம் பெரிய பையை இவர் தோளில் மாட்டிவிட்டு நடந்தார். மைதானத்து வேலையாள் என்று நினைத்துவிட்டார் போலும். இவரும் பையைச் சுமந்துகொண்டு பஸ் வரைக்கும் போனார்.

பையை வாங்கிக்கொண்டு ஏறும்போது கோல்கீப்பர், "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்கண்ணே" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

இரவு மனைவி அவர் தோளில் தைலம் தேய்த்தபடி கேட்டாள்: "கையெழுத்து கெடச்சுதா?"

"இல்ல" என்றார் கண்ணை மூடியபடி. "நாளைக்கு அரை நாள் லீவு போடணும். என்னைச் சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க."