எனக்குப் பையனே இல்லீங்க

நான் கடல் கடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல், பனி, துரைமார் சாப்பாடு என்றெல்லாம் எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். என் சீமைப் பயணம் சேலத்தில் நெசவுக்காரர்கள் குடியிருந்த எங்கள் தெருவிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துபோனது.

முப்பதுகளின் தொடக்கம் அது. சென்னையில் ரசாயனத்தில் எம்.ஏ. (அந்தக் காலத்தில் அதற்கும் எம்.ஏ.தான்) முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். தெருவில் முதல் பட்டதாரி நான்தான் என்பதால் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. இங்கிலாந்தில் ஒரு கல்லூரியில் சாயத் தொழில் பற்றிய மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கப்பல் செலவு முதல் சாப்பாட்டுச் செலவு வரை உதவித்தொகையிலேயே அடங்கிவிடும். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அது பொய். திரும்பி வருகிற எண்ணமே எனக்கு இல்லை. விடிந்தது முதல் தறிச் சத்தம், வாசலெல்லாம் நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்துவைத்திருக்கிற ஜனம், எல்லாமே எனக்கு வெறுத்துப்போயிருந்தது. அப்பா தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்து நெய்துதான் என்னைப் படிக்கவைத்தார் என்று தெரிந்தும் வெறுத்தேன்.

பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தபோது அங்கிருந்த குமாஸ்தா, "உங்க ஊட்டுக்கு விசாரிக்க ஆள் வருவாங்க. ஊட்ல சொல்லி வெச்சுக்குங்க" என்றார். நான் சொல்லவில்லை. ஆபீஸ் சேவகன் எவனாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான் என்று நினைத்தேன். அதுவுமல்லாமல், பாஸ்போர்ட்டைப் பற்றி இவர்களிடம் சொன்னால் என்ன புரியப்போகிறது என்ற இளக்காரமும் இருந்தது.

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அது கள்ளுக்கடை மறியலும் அந்நியத் துணி எரிப்பும் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பையன்கள் நாலைந்து பேர் ஜெயிலுக்குப் போய் எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார்கள். தெருமுனையில் போலீசின் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தால் முதல் வீட்டுத் தறி நிற்கும். அதைக் கேட்டு அடுத்த வீட்டுத் தறி நிற்கும். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் தெரு முழுக்க ஓய்ந்துவிடும். போலீஸ் யாரைப் பற்றிக் கேட்டாலும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "தெரியாதுங்க." பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பது நாள் பரண்மேல் ஒளிந்து கிடந்தான். அவனைத் தேடி வந்த போலீசிடம், லீவுக்கு வந்திருந்த நானே இங்கிலீஷில் அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அதற்காகத் தெருவே என்னை மெச்சிக்கொண்டது.

அன்றைக்கு நான் மருத்துவச் சான்றிதழ் வாங்க அஸ்தம்பட்டிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பியபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். லேசில் சிரிக்கிற மனிதர் அல்ல அவர். அன்று முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு போலீஸ்காரங்க உன்னெத் தேடிட்டு வந்தாங்க சாமி. கையில காகிதம், அதுல உம் பேரு. நீ ஒண்ணும் பயப்படாத. எனக்குப் பையனே இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

அம்மா பின்னாலேயே வந்து, என் சர்டிபிகேட்டுகளை எல்லாம் துணியில் சுற்றித் தறிக்குழிக்குள் ஒளித்துவைத்திருப்பதாக ரகசியம்போலச் சொன்னாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்களாம். ஒருவர்கூட வாய் தவறவில்லையாம்.

வந்தது பாஸ்போர்ட் விசாரணைக்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே கலெக்டர் ஆபீசுக்கு ஓடினேன். போலீஸ் அறிக்கை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. தகப்பன் என்று காட்டப்பட்டவரே மறுக்கிறார். கீழே அப்பாவின் கைநாட்டு.

குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். "அவரே ஸ்டேஷனுக்குப் போயி மாத்திச் சொன்னாத்தான் உண்டு. கப்பலுக்கு நாள் கிட்ட இருக்குதுங்களே, சீக்கிரம் பாருங்க."

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. தறிக்குழியிலேயே கிடந்து சாகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும் என்று கேட்டேன். ஏன் வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அப்பா ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார். அப்புறம், "ஊர்ப் பசங்களுக்கெல்லாம் சொல்றதெத்தான சாமி உனக்கும் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நான் கூடப் போகவில்லை. போய் எதிலாவது மாட்டிக்கொண்டால் என் சீமைப் படிப்பில் மண் விழுந்துவிடும் என்ற பயம். அவர் கெடுத்ததை அவரே சரிசெய்யட்டும் என்ற கோபமும் இருந்தது. தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கிற ஆளை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. அவர் தெருமுனை திரும்புகிறவரை எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் திரும்பினார். இடது காது வீங்கி, தோளில் கிடந்த துண்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அங்கே நடந்ததைப் பிறகு ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானம் வரை வெயிலில் நிற்கவைத்துவிட்டு, "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டாராம் சப்-இன்ஸ்பெக்டர். "அன்னிக்குத்தானுங்க" என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு உள்ளதைச் சொன்னாராம். அதற்குத்தான் அறை.

ஆனால் அவர் வாசல்படி ஏறியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. காது தெரிந்தது. ரத்தம் தெரிந்தது. அம்மா அலறிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் கேட்டேன்: "எழுதிக்கிட்டாங்களாப்பா?"

அவர் மற்றக் காதைத் திருப்பி, "என்ன சாமி?" என்றார்.

நான் இன்னும் உரக்க, அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன்.

"எழுதிக்கிட்டாங்க சாமி" என்றார்.

எழுதிக்கொண்டது உண்மைதான். என்ன எழுதினார்கள் என்பது இருபது நாள் கழித்துத் தெரிந்தது. தகப்பன் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறான், மனுக் கொடுத்தவன் சந்தேகத்துக்கு உரியவன், மனு நிராகரிக்கப்பட்டது. அந்த வருடத்துக் கப்பல் போயிற்று. அடுத்த வருடம் உதவித்தொகை வேறு யாருக்கோ போயிற்று. நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, வெறுத்த அதே தெருவில் குடித்தனம் நடத்தினேன்.

அப்பாவுக்கு அந்தக் காது கேட்கவே இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் மற்றதும் மந்தமாகிவிட்டது. அதற்கப்புறம் அவரிடம் எதைச் சொல்வதென்றாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் சொல்ல வேண்டும். சாப்பிட வாங்கப்பா, மழை வருதுங்கப்பா என்று எத்தனையோ கத்தியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. யுத்தம் முடிந்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். அதுவரை மெதுவான குரலில் பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையைத் திருப்பி, "என்ன சாமி?" என்று கேட்டார். ஒண்ணுமில்லீங்கப்பா என்று கத்திவிட்டு எழுந்து போனேன்.