மலரக்கா வீட்டின் கணகணப்பு

வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது மலரக்காவின் மகன் நிமலன் அழைத்தான். "அக்கா, அம்மா மோசம் போயிட்டா" என்றான். மலரக்கா வைத்தியசாலையில் இறந்துபோயிருந்தார். இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, பனிக்குள் திரும்பி நடந்து வந்தேன். அவர் அங்கே போன நாளிலிருந்து, எனக்குப் பக்கத்திலுள்ள அவருடைய வீட்டு ஜன்னல்கள் இருண்டுதான் கிடந்தன. ஆனாலும் அன்று அவற்றை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சுவிஸின் இந்த ஃப்ரிபூர்க்கில் உங்களில் பலருக்கு அவரைக் கோயிலில் பூக்கட்டுகிறவராகத் தெரியும். எனக்கு நினைவில் நிற்பவர் வேறொரு மலரக்கா.

அவருடைய கணவர் குணம் அண்ணை இருந்தவரை, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்ப் பொயிலரை அவர் மட்டுமே தொடுவார். மலரக்கா நிலவறைக்கு இறங்குவது ஊறுகாய்ப் போத்தல் எடுக்கத்தான். அண்ணை காலமான ஆண்டு, குளிர் தொடங்குமுன் பொயிலரைத் துப்புரவாக்கத் திருத்துநர் வந்தார். அக்கா என் கதவைத் தட்டினார். "பிள்ளை, அந்த மனுசன் பிரெஞ்சில சொல்லுறதை எனக்கு விளங்கப்படுத்து."

வேலை முடிந்து புறப்பட்டவரை அக்கா விடவில்லை. பொயிலரை நிறுத்தச் சொன்னார். தானே மூட்டிப் பார்க்கவேண்டும் என்றார். அழுத்தம் காட்டும் முள்ளை எங்கே பார்ப்பது, அது இறங்கினால் எப்படித் தண்ணீர் விடுவது, அறைகளிலுள்ள ஹீற்றர்களில் அடைபட்ட காற்றை எப்படி வெளியேற்றுவது, எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து பார்த்தார். நெருப்புப் பற்றியதும் மெல்லிய இரைச்சல் எழுந்தது. அக்கா குழாயில் கைவைத்தபடி அசையாமல் நின்றார்.

"அவர் கீழ நிண்டா மேல எனக்கு இந்தச் சத்தம் கேக்கும்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று திருத்துநர் என்னிடம் கேட்டார். எனக்கு மொழிபெயர்க்க வரவில்லை.

மகன் நிமலனுக்கு லுசேர்ணில் ஹொட்டேல் வேலை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு தைப்பொங்கலுக்கு அவன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்; வீடு சில்லிட்டுக் கிடந்தது. பொயிலர் நின்றுபோயிருந்தது. தனியாக இருந்து இப்படி விறைக்கவேண்டுமா என்று அவன் கோபப்பட்டான். அக்கா கீழே போனார். நானும் பின்னால் போனேன். முதல்நாள் ஹீற்றர்களில் காற்றெடுத்ததில் அழுத்தம் இறங்கியிருந்தது. தண்ணீர் விட்டு, முள் ஏறியதும் பொத்தானை அழுத்தினார்.

மேலே வந்து மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். "நான் உன்னட்டை வரமாட்டன் எண்டு சொல்லேல்லை, தம்பி. குளிருக்குப் பயந்து வரமாட்டன்."

நிமலன் குளிரங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, பொங்கல் கேட்டான். அதன்பின் அவன் வீட்டை விற்கும் கதையை எடுக்கவில்லை. வைத்தியசாலைக்குப் போகும்வரை அக்கா அந்த வீட்டில்தான் இருந்தார்.

குளிர்காலம் முடியும்வரை குழாய்கள் உறையாமல் பார்த்துக்கொள்ளும்படி நிமலன் வீட்டுச் சாவியை என்னிடம் தந்திருக்கிறான். கிழமைக்கு ஒருதடவை போகிறேன். பார்க்கவேண்டியதைப் பார்த்ததும் கதவைப் பூட்டிவிட்டு வரலாம். ஆனால் நான் அவருடைய குசினியில், அடுப்பருகே கொஞ்சநேரம் இருக்கிறேன். கூப்பிட ஒருவரும் இல்லாத வீடு, இன்னும் கணகணவென்று இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கொஞ்சநேரம்தான். அதுவும் குளிர் முடிகிற பங்குனிவரை.