இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்ட மறந்தேன்

வேதியியல் கணக்கு கற்பிக்கும் எவரும் தேர்வுக்கு முந்தின நாள் நிம்மதியாகச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்களில் யாரேனும் சாப்பிட்டிருந்தால் அவருக்கு என் வணக்கம்.

சமன்பாடு

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த ஒரே மாணவி ஸ்டெல்லா. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் சூளை பார்ப்பவள். இரண்டு பிள்ளைகளின் தாய். பிளஸ் டூவில் வேதியியலை மட்டும் இருமுறை கோட்டைவிட்டவள். இம்முறை தேறினால்தான் மேற்பார்வையாளர் வேலை. இல்லையேல் அது வேறொருவருக்கு.

முதல் நாள், ஆக்சிஜன் அணுக்களைச் சமன்செய்ய, நீரின் வாய்பாட்டையே H₂O₂ என்று மாற்றி எழுதியிருந்தாள். மூலக்கூறின் எண்ணிக்கையை மாற்றலாம், மூலக்கூறையே மாற்றலாகாது என்று விளக்கினேன். சற்றே யோசித்தாள்.

"பொட்டிக்கு எத்தினி பொம்மன்னு மாத்தலாம், பொம்மைக்கு மூணாவது கை வைக்கக் கூடாது. அதானே டீச்சர்?"

கரைசல்

கரைசலின் செறிவைக் கேட்டேன். விடை 0.5 என்று மொட்டையாக எழுதினாள். "அரை என்றால் எது? அரைப்படியா, அரை மூட்டையா?" என்று கேட்டு, அலகு எழுதாததற்கு அரை மதிப்பெண் குறைத்தேன். பணிக்காலம் முழுதும் எவருக்கும் நான் விட்டுக்கொடுத்திராத அரை.

"ஸ்கூல வுட்டு வந்துட்டீங்க, அந்தச் செவப்புப் பேனாவ மட்டும் வுட மாட்டேங்கிறீங்களே!"

வாயு

தேர்வுக்கு முந்தின நாள் நண்பகல், தட்டில் சோற்றைப் போட்டதும் கை நின்றுவிட்டது. முந்தின மாலை அவளுக்கு நான் போட்டுக்காட்டிய கணக்கு: அழுத்தம் மாறாமல் 27 டிகிரி செல்சியஸில் 600 மில்லிலிட்டர் இருக்கும் வாயு, 54 டிகிரியில் எவ்வளவு? 54 இருபத்தேழின் இரட்டிப்பு என்பதால் அவசரத்தில் 600-ஐயும் இரட்டித்து, 1200 என்று எழுதியிருந்தேன். 273-ஐக் கூட்டிக் கெல்வினாக்க மறந்த மாணவர்களை முட்டி போட வைத்தவள் நான்!

அவள் கைப்பேசி அணைந்திருந்தது. பெண்ணாடத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பேருந்து ஏறினேன். வழியெங்கும் கரும்பு டிராக்டர்கள். காலி இருக்கை இருந்தும் உட்கார முடியாமல், படிக்கட்டுக்கும் இருக்கைக்குமாக நடந்தேன். நடத்துநர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உக்காருங்கம்மா, நீங்க நின்னா மட்டும் பஸ்ஸு சீக்கிரம் போயிடுமா?"

திருத்தம்

வாசலிலேயே நோட்டைக் கேட்டேன். ஸ்டெல்லா தயங்கித் தயங்கி நீட்டினாள். 1200 அடிக்கப்பட்டிருந்தது. கீழே 27-க்கு 300, 54-க்கு 327, விடை 654 மில்லிலிட்டர். அலகோடு! 1200-க்கு ஓரத்தில் சிவப்பு மையில், அவள் கையெழுத்தில், 'அரை குறைவு'.

"ராத்திரியே திருத்திட்டேன் டீச்சர். காலையில சூள பத்த வச்சா முப்பது டிகிரி கொஞ்ச நேரத்துல அறுபது ஆவும். அதுக்கே காத்து ரெட்டிப்பாச்சுன்னா பட்டறக் கூரை நிக்குமா? நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."

ஸ்டெல்லா இப்போது மேற்பார்வையாளர். என் பேரில் மட்டும் அந்த அரை மதிப்பெண் இன்றுவரை குறைவாகவே நிற்கிறது.