வழியை அடைக்க நான் போட்ட கையெழுத்து

பொள்ளாச்சியிலிருந்து காரில் வரும் என் நாத்தனாருக்கு எங்கள் தெரு மேல் பெரிய பொறாமை. "எல்லாமே நடக்கற தூரம். குடுத்து வெச்சவ நீ" என்பாள். எல்லை தாண்டி மலையாளப் பக்கம், எலப்புள்ளிக்கும் இரும்புக் கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கிற தெரு அது. ஒரு முனையில் மாரியம்மன் கோவில், மறு முனையில் பள்ளிவாசல். நடுவில் மீன்கடை, டீக்கடை, பொரி விற்கும் வங்காளக்காரர், பானிபூரி வண்டி, இரண்டு மருந்துக்கடை. செருப்பு தேய்வதற்குள் எல்லாம் கிடைத்துவிடும்.

கூச்சப்படுகிறவளுக்கு நடக்கிற தூரம் எத்தனை பெரிய தண்டனை என்று காரில் வருகிறவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவளை யாரும் நிறுத்துவதில்லை. நடந்து போகிறவளை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். பால் வாங்கப் போனால் எதிர்வீட்டு அக்கா, "ஏனுங்க, இந்நேரத்துல எங்கீங்க?" என்பார். டீக்கடைச் சேட்டன் "எவிடெயா சேச்சி?" என்பார். பொரிக்காரர் "தீதி, பாலுக்கா?" என்பார். மூன்று மொழியிலும் ஒரே கேள்விதான். மூன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு போவேன். அந்தத் தெருவின் தரை எனக்கு மனப்பாடம்.

மாவு மில் வைத்திருக்கிறேன். எந்திரம் ஓடினால் யாரும் பேச முடியாது. அந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான். மலையாளிகள் புட்டுக்கு அரிசி கொண்டுவருவார்கள். எங்கள் ஆட்கள் ராகியும் கம்பும். இரும்புக் கம்பெனியில் வேலை செய்யும் வடக்கத்திக்காரர்கள் கோதுமை. மிளகாய் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான். காலையில் மிளகாய் ஓடினால், அடுத்து அரைக்கும் கோதுமையில் சப்பாத்தி சுட்டவன் அழுதுகொண்டே தின்ன வேண்டியதுதான்.

கோதுமைக்காரர்கள் எல்லாரும் இட்டேரி வழியாகத்தான் வருவார்கள். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் வேலியும் காடுமாக இருந்த தடம். இப்போது இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். பெயர் மட்டும் மாறவில்லை. அதில் நடந்தால் அவர்களுடைய லைன் வீடுகளிலிருந்து என் மில்லுக்கு நாலு நிமிடம். இல்லாவிட்டால் லாரிகள் பறக்கும் பெரிய ரோட்டைச் சுற்றி அரை மணி நேரம். தலையில் கோதுமை மூட்டையோடு அரை மணி நேரம் யார் வருவார்கள்? பஸ் ஏறப் போகும் எங்களுக்கும் அதுதான் வழி.

இட்டேரியை ஒட்டிப் புது வீடு கட்டியவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். ஏதோ ஆபீசில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. தினமும் காலையில் வெள்ளை ஷூ போட்டு, காரில் ஏறி, தூரத்து மைதானத்துக்குப் போய், அங்கே ஐந்து சுற்று நடந்துவிட்டு, காரிலேயே திரும்புவார். நடப்பதற்காகக் கார் எடுக்கிற ஒரே மனிதர் எங்கள் தெருவில் அவர்தான். அவருடைய சுவருக்குப் பக்கத்தில் மற்றவர்கள் நடப்பதுதான் அவருக்கு ஆகாது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு கையில் மிளகாய்ப் பொட்டலமும் மறு கையில் ஒரு தாளுமாக மில்லுக்கு வந்தார்.

"சேச்சீ, இது வேகம் பொடிச்சுத் தரணும். பின்னெ, இதிலொரு ஒப்பு. நம்ம தெருவோட பாதுகாப்புக்குத்தான். எல்லாரும் போட்டாச்சு."

காலையில் மிளகாய் அரைக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அரைத்தேன். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் அரைத்த கோதுமையைத் தின்றவர்களிடம் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தாள் மலையாளத்தில் இருந்தது. நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். எங்கள் சனம் மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் வெள்ளாமை செய்கிறது, ஓட்டுப் போடுகிறது, மலையாளத்தில் விலை பேசுகிறது, மலையாளத்தில் சண்டையும் போடுகிறது. எழுத்து மட்டும் வராது. வராது என்று சொல்லவும் வராது.

இரண்டு வாரம் கழித்துப் பஞ்சாயத்து ஆள் வந்து மில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அதுவும் மலையாளம். அதற்குப் பிறகு நான்கு நாள் என் வாசலில் நடந்த கூத்து இருக்கிறதே! எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசி வரி வரை கண்ணை ஓட்டி, "ம்ம்... சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்னுங்க போட்டிருக்குது?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

"கொசு மருந்து அடிக்க வாராங்களாமா" என்றார் தென்னந்தோப்புக்காரர். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றவர்.

"நாய்க்கு ஊசி போடறதுன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு?"

"அதுந்தான். கீழ அதையும் போட்டிருக்குது."

நானும் படித்தவள் மாதிரி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். டீக்கடைச் சேட்டனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்; கேட்டால் படிக்கத் தெரியாதது தெரிந்துவிடுமே.

ஐந்தாம் நாள், இரும்புக் கம்பெனி வங்காளக்காரர் ஒருவர் கோதுமை கொண்டுவந்தார். நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிமாநிலத்தவருக்கு நடக்கும் மலையாள வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர். மாவு அரைபடும்வரை அவருக்கு வேலையில்லை. சுவரில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தார். எந்திரத்தை நிறுத்தியதும் என்னைப் பார்த்தார்.

"தீதி, வழி அடைக்குமா?"

"எந்த வழி?"

"இட்டேரி. சுவர் வைக்கும். இந்தத் தெரு நாட்டுக்காரங்களே கேட்டாங்கன்னு எழுதியிருக்கு. ஆட்சேபம் இருந்தா ஏழு நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்." விரல்விட்டு எண்ணினார். "நாளைக்கழிச்சு தீரும்."

தென்னந்தோப்புக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். "கொசு மருந்து?" என்றார் மெதுவாக.

"கொசு இல்ல, அண்ணா. நாம."

அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தெருவில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒருவருக்கும் என்னவென்று தெரியாது. தெரியாது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவுமில்லை. "லைட்டுக்குன்னு சொன்னாங்க", "கேமராவுக்குன்னு நினைச்சேன்" என்றார்கள்.

ஆட்சேப மனுவையும் அந்த வங்காளக்காரரே மலையாளத்தில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் கோழிமுட்டை அளவு. எங்கள் ஆட்கள் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். திடீரென்று எல்லாருக்கும் எச்சரிக்கை வந்துவிட்டது. பஞ்சாயத்துக்கு யார் கொண்டுபோவது என்று கேட்டதும் எல்லாருக்கும் வேலையும் வந்துவிட்டது. தென்னந்தோப்புக்காரருக்குத் தேங்காய் போட ஆள் வந்திருந்ததாம். எழுதினவருக்கு அங்கே ஓட்டில்லை. நோட்டீஸ் இருந்தது என் சுவரில். நான் போனேன்.

பஞ்சாயத்து ஆபீசில் ஏகப்பட்ட கூட்டம். குமாஸ்தா மனுவைப் பார்த்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து, தலைவர் கொடுத்த தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

"அடைக்கணும்னு ஒப்பு போட்டது நீங்கதானே? இப்ப வேண்டாம்னும் நீங்களே சொல்றீங்க?" என்று மலையாளத்தில் கேட்டார்.

பின்னால் யாரோ சிரித்தார். தரையைப் பார்த்தேன். அந்தத் தரை எனக்குப் பழக்கமில்லை, ஒரு உதவியும் செய்யவில்லை. ஏதாவது பொய் சொல்லலாம்தான். ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் பேச்சுத் திறமை வேண்டும்.

"எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாதுங்க. என்னன்னு தெரியாமயே போட்டேன். எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தானுங்க."

சொன்னது எனக்கே கேட்டது. எந்திரம் இல்லாத இடத்தில் என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

குமாஸ்தா சிரிக்கவில்லை. "தமிழ்லயே எழுதிக் குடுத்திருக்கலாமேங்க" என்று சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார். விரலால் சுவரைக் காட்டினார். மனுக்கள் தமிழிலும் பெறப்படும் என்று ஒரு பலகை. வாசலுக்கு நேராக, ஆள் உயரத்தில். தரையைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு வாரத்தில் ஓவர்சியர் வந்து இட்டேரியைப் பார்த்தார். பொதுவழி, அடைக்க முடியாது என்று எழுதிவிட்டுப் போனார். தலைவர் தன் பங்குக்குத் தன் சுவரில் பெரிய மலையாள எழுத்தில் ஒரு பலகை மாட்டினார். எங்கள் ஆட்கள் அதன் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "ம்ம்" என்று சொல்லிவிட்டு இட்டேரியில் நுழைந்து போனார்கள்.

அடுத்த முறை கோதுமை கொண்டுவந்த வங்காளக்காரரிடம் கேட்டேன். "அதுல என்ன போட்டிருக்குது?"

"வெளியாளுக்குப் பிரவேசனம் இல்ல."

"வெளியாளுன்னா யாரு?"

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். "படிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்தன்தான், தீதி. எனக்காகத்தான் எழுதியிருப்பாங்க." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவருடைய கோதுமையை எந்திரத்தில் கொட்டும்போது தலைவர் வந்தார். கையில் மிளகாய்ப் பொட்டலம். மணி பத்தரை. அவர் வந்ததும் இட்டேரி வழியாகத்தான். கார் ரிப்பேருக்குப் போயிருந்தது.

"சேச்சீ, இது ஒண்ணு வேகம்..."

"மிளகா நாலு மணிக்கு மேலதானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை.

"அப்போ இனியும் ஒரு தடவை வரணுமோ?"

"பக்கந்தானுங்களே" என்றேன். "நடந்தே வந்துருங்க."

எந்திரத்தைப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.